நூறு ரூபாய்க் கூப்பன் புத்தகம்: தர்மபுரியில் இதை வாங்கலாமா?

நம் ஊர் சூப்பர் மார்க்கெட் ஒன்று நூறு ரூபாய்க்கு விற்கிற ஆறு மாதத் தள்ளுபடிக் கூப்பன் புத்தகம் பற்றித்தான் பேச்சு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்கலாம். ஆனால் அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் 1,800 ரூபாய் யாருக்கும் மிச்சமாகாது. கணக்காகப் பயன்படுத்தினால் ஆறு மாதத்தில் அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கையில் நிற்கும், கடை இழுத்த இழுப்புக்கெல்லாம் போனால் புத்தகத்துக்குக் கொடுத்த நூறு ரூபாய்கூடத் திரும்பாது. சோப்பு, பற்பசை, டீத்தூள் என்று எந்தக் கடையில் வாங்கினாலும் ஏறக்குறைய ஒரே விலைக்குக் கிடைக்கிற கம்பெனிச் சரக்குக்குக் கூப்பனைக் கிழியுங்கள். பருப்பு, மிளகாய், புளி என்று கடைக்குக் கடை ரேட் மாறுகிற சாமானுக்கு வழக்கமான மளிகைக்கடைக்கே போங்கள். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கடையின் பெயர் வேண்டாம். குறையும் சொல்லப்போகிறேன், தவிர கிருஷ்ணகிரியில் இருக்கும் என் நாத்தனாரும் அங்கே ஒரு கடையில் இதே மாதிரிப் புத்தகம் வாங்கி வைத்திருக்கிறார், அட்டையின் நிறம்தான் வேறு, உள்ளே கிட்டத்தட்ட இதேதான். நம்முடைய கடை பைபாஸ் ரோடு பக்கம். ஏசி, வண்டி நிறுத்த இடம், வாசலில் பாப்கார்ன் மிஷின். மாசத்தின் முதல் ஞாயிறு சாயங்காலம் உள்ளே நுழைந்தால் திரும்பி வர வழியிருக்காது.

புத்தகம் செக் புக் அளவுதான். வழவழப்பான தாள், கிழிக்க வசதியாக ஓரத்தில் புள்ளி ஓட்டை, ஒவ்வொரு கூப்பனிலும் ஒரு பார்கோடு. மொத்தம் 24 கூப்பன், நான்கு வகை, வகைக்கு ஆறு. மாத மளிகைக்கு 2,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் 150 கழிவு. வீடு சுத்தம், குளியல் சாமான்களுக்கு 500 ரூபாய்க்கு மேல் 50. பாத்திரம், பிளாஸ்டிக் சாமான்களுக்கு 750க்கு மேல் 75. நொறுக்குத்தீனி, பேக்கரி வகைக்கு 200க்கு மேல் 25. ஆறு மாதத்துக்கு எல்லாவற்றையும் கூட்டினால் 1,800 வருகிறது, அதில் பொய் இல்லை. பொய் இருப்பது அட்டையில் 1,800க்குப் பின்னால் வரும் 'வரை' என்கிற அந்தச் சின்ன சொல்லில்தான், அதை மட்டும் ஏனோ கொட்டை எழுத்தில் போடவில்லை.

கூப்பனின் பின்பக்கம் பாருங்கள். வெளிர் சாம்பல் நிறத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. அரிசி, எண்ணெய், சர்க்கரை, நெய், குழந்தைகள் பால் பவுடர் இதில் சேராது. ஒரு பில்லுக்கு ஒரு கூப்பன். அந்தந்த மாதக் கூப்பன் அந்தந்த மாதம் மட்டும். மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய ஆஃபர் பொருளுக்குப் பொருந்தாது. பொருளைத் திருப்பிக் கொடுத்தால் கூப்பன் திரும்பாது. இதில் முதல் வரிதான் கதையே. அரிசியும் எண்ணெயும் சர்க்கரையும் சேராது என்றால் கழிவு அவற்றுக்குக் கிடையாது என்பது மட்டுமில்லை, அந்த 2,000 ரூபாய்க் கணக்கிலும் அவை சேராது. ஒரு சிப்பம் அரிசியும் ஐந்து லிட்டர் கடலெண்ணெயும் எடுத்துவிட்டு பில் நாலாயிரம் தாண்டிவிட்டது, கூப்பன் செல்லும் என்று நிம்மதியாக வரிசையில் நிற்பவர்களை வாராவாரம் பார்க்கலாம். கவுண்டரில் இருக்கும் பெண் பொறுமையாக, "அக்கா, அரிசி எண்ணெய் போக ஆயிரத்து எழுநூறுதான் வருது, இன்னும் முந்நூறுக்கு ஏதாச்சும் எடுத்துட்டு வர்றீங்களா?" என்று கேட்கும். பின்னால் ஏழெட்டுப் பேர் நிற்பார்கள். அந்த நேரத்தில் ஓடிப்போய் எடுக்கிற முந்நூறு ரூபாய்ச் சாமான் என்ன தரத்தில் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. முந்திரி பாக்கெட், பெரிய சாக்லேட், இல்லையென்றால் யாரும் குடிக்காத ஏதோ ஒரு பழச்சாறு. 150 ரூபாய் மிச்சம் பிடிக்க 300 ரூபாய் வேண்டாத செலவு.

சரி, எது தேறும்? பாத்திரக் கூப்பனை விட்டுவிடுங்கள். மாசாமாசம் 750 ரூபாய்க்கு டப்பாவும் வாளியும் வாங்குகிற வீடு எங்கே இருக்கிறது? வீட்டில் விசேஷம், யாருக்காவது சீர் வைக்க வேண்டும், அப்போது ஒன்று பயன்படும், மற்ற ஐந்தும் குப்பை. அதிலும் எவர்சில்வர் என்றால் கடைவீதிப் பாத்திரக்கடையில் எடை போட்டு, பழைய பாத்திரத்தையும் கழித்துக்கொண்டு தருகிற ரேட்டுக்கு இது பக்கத்தில்கூட வராது. நொறுக்குத்தீனிக் கூப்பன் 200க்கு 25, சதவீதம் பார்த்தால் 12.5, புத்தகத்திலேயே அதிகம் இதுதான். அதிகம் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது, தீனி வாங்கப் போகிற யாரும் 200 ரூபாயோடு நிறுத்துவதில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் கணக்கு முடிந்தது.

தேறுவது குளியல் சாமான் கூப்பன்தான். துணி சோப்பு, சோப்புத்தூள், பாத்திரம் தேய்க்கிற பார், பற்பசை, நாப்கின், கழிவறை சுத்தம் செய்கிற பாட்டில், இதெல்லாம் எங்கே வாங்கினாலும் எம்ஆர்பிதான் அல்லது அதற்கு ஒன்றிரண்டு ரூபாய் குறைவு. தெருமுனைக் கடையில் இதில் கழிவு கேட்டால் அண்ணாச்சி, "இதுல எனக்கே ஒண்ணும் நிக்கலைம்மா" என்பார், அது உண்மையும்கூட, கம்பெனிச் சரக்கில் சின்னக் கடைக்குக் கிடைக்கும் மார்ஜின் குறைவு. ஆகவே இங்கே கிடைக்கிற பத்து சதவீதம் முழுசாக நமக்கு. அதன் மேலே இன்னொன்றும் செய்யலாம். பாக்கெட்டிலேயே கம்பெனி அச்சடித்திருக்கும் '15 ரூபாய் தள்ளுபடி', '20 சதவீதம் கூடுதல்' மாதிரியான ஆஃபருக்கு இந்தக் கடையில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை. கடையே போடுகிற ஆஃபருக்கு மட்டும்தான் ஸ்டிக்கர். அதனால் அச்சடித்த ஆஃபர் உள்ள பாக்கெட்டாகப் பார்த்து எடுத்து, அதன் மேல் 50 ரூபாய்க் கூப்பனையும் போட்டால் இரண்டு கழிவும் சேர்ந்து கிடைக்கிறது. கம்ப்யூட்டர் மறுப்பதில்லை.

ஷாம்புக்கு மட்டும் இந்தக் கணக்கு உதவாது. பாட்டிலை விட சாஷே பெரும்பாலும் மில்லிக்கு மலிவு, அதுவும் பாதி விலை மாதிரி மலிவு. பத்து சதவீதக் கூப்பன் போட்டாலும் பாட்டிலால் எட்டிப்பிடிக்க முடியாது. சாஷேயில் ஷாம்பு விற்கலாம் என்று நாட்டுக்கே காட்டியவர் நம் கடலூர் சின்னிகிருஷ்ணன், அந்த ஊர்க்காரர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு சரம் சரமாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம். பொதுவாகவே எம்ஆர்பிக்குப் பக்கத்தில் ஒரு கிராம் என்ன விலை, ஒரு மில்லி என்ன விலை என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், இப்போது அது சட்டப்படி போட வேண்டியது. பெரிய பாக்கெட் என்றால் மலிவாகத்தான் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்காமல் அந்த எண்ணைப் பாருங்கள், கூப்பனில் கிடைப்பதைவிட அதில் கிடைப்பது சில சமயம் அதிகம்.

மாத மளிகைக் கூப்பன்தான் இழுபறி. 2,000க்கு 150 என்றால் ஏழரை சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தக் கடையில் துவரம்பருப்பு, உளுந்து, வரமிளகாய், மல்லி எல்லாமே பாக்கெட். பிசினஸ் நன்றாக நடக்கிற எந்த மொத்தக்கடையிலும் அதே பருப்பு கிலோவுக்கு எட்டுப் பத்து ரூபாய் குறைவாக, அதுவும் கையில் அள்ளிப் பார்த்து வாங்கலாம். புளியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பாப்பாரப்பட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எங்கிருந்தோ வந்த கொட்டை நீக்கிய புளியை 200 கிராம் பாக்கெட்டில் வாங்குவது எந்த ஊர் நியாயம்? கூப்பனில் சேரும் பொருட்கள் என்று ஒரு பட்டியல் மாட்டியிருக்கிறார்கள், அதில் கேழ்வரகு மாவும் இருக்கிறது, அரைக் கிலோ, ஜிப் வைத்த பை. தர்மபுரியில் உட்கார்ந்துகொண்டு கேழ்வரகு மாவுக்குக் கூப்பன்! ராகியை வாங்கிக் கழுவிக் காயவைத்து மில்லில் கொடுத்தால் என்ன ஆகுமோ, அதைப் போல இரண்டு மடங்கு விலை.

ஆகவே 2,000ஐ நிரப்பும்போது டீத்தூள், காபித்தூள், பூஸ்ட் ஹார்லிக்ஸ் வகை, மசாலாப் பொடி, கோதுமை மாவு, ஓட்ஸ், சேமியா, பிஸ்கட் என்று கம்பெனிச் சரக்காக முதலில் போட்டுவிடுங்கள். நாலு பேர் இருக்கும் வீட்டில் அதுவே ஆயிரத்து நானூறு வரைக்கும் வந்துவிடும். மிச்சம் அறுநூறுக்குத்தான் பருப்பில் கை வைக்க வேண்டும், அதில் முப்பது நாற்பது ரூபாய் கூடப் போகும். அதைக் கழித்தால் 150 என்பது 110 ஆகும். கூடவே 50 ரூபாய்க் கூப்பன். மாசம் 160, ஆறு மாதத்துக்கு 960, புத்தக விலை நூறு போனால் 860. இதுதான் நிஜமான எண், அட்டையில் இருப்பது இல்லை. இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீடு, அல்லது தோட்டத்துச் சாமான் ஊரிலிருந்து வந்துவிடும் வீடு என்றால் மாத மளிகைக் கூப்பனும் தேறாது, வாங்காதீர்கள்.

ஒரு பில்லுக்கு ஒரு கூப்பன் என்பதற்கு வழி சுலபம், சாமானைப் பிரித்து வைத்து இரண்டு பில்லாகப் போடச் சொல்ல வேண்டியதுதான். கூட்டம் இல்லாத நேரத்தில் முகம் சுளிக்காமல் போடுகிறார்கள். புதன், வியாழன் காலை பத்தரைக்குப் போங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு ராத்திரி ஒன்பதுக்கு மேல், ஆனால் அப்போது அடுக்கில் பாதி காலியாக இருக்கும். ஐந்நூறு ரூபாய்க்குப் பத்துப் பன்னிரண்டு ரூபாய் இடிக்கும்போது கவுண்டர் பக்கத்தில் வாகாக வைத்திருக்கும் சாக்லேட்டைக் காட்டுவார்கள். நான் கல் உப்பு, தீப்பெட்டிக் கட்டு, கற்பூரம் மூன்றையும் முதலிலேயே கூடையின் ஓரத்தில் வைத்துவிடுவேன். தேவைப்பட்டால் பில்லில் சேரும், இல்லையென்றால் திரும்ப அடுக்குக்கே போகும். எப்படியும் கெட்டுப்போகாத சாமான். ஒரு விஷயம், கற்பூரமும் ஊதுபத்தியும் இவர்கள் கணக்கில் குளியல் சாமான் வகையில் வருகிறது, ஏன் என்று கேட்காதீர்கள், நமக்கு நல்லதுதானே.

அப்புறம் அந்த பில். கடைசியில் நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே 'இன்று நீங்கள் சேமித்தது ரூ.612' என்று வரும். வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு பரவாயில்லையே என்று சந்தோஷப்படுவார். அந்த 612 என்பது எம்ஆர்பியிலிருந்து கடை விற்கிற விலையைக் கழித்த கணக்கு, அதாவது கூப்பனே இல்லாமல் யார் வாங்கினாலும் கிடைக்கிறது. 499 ரூபாய் எம்ஆர்பி போட்ட பாதாம் பாக்கெட்டை ஊரே 380க்கு விற்கும்போது இவர்களும் 380க்கு விற்றுவிட்டு 119 சேமித்தீர்கள் என்றால் என்ன சொல்ல? மேலே ஏறிப் பார்த்தால் 'கூப்பன் கழிவு 150' என்று ஒரே ஒரு வரி இருக்கும், அதுதான் புத்தகம் கொடுத்தது. பில்லைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அந்த வெப்பத்தாள் அலமாரிக்குள் இருந்தாலே எழுத்து மங்கிவிடுகிறது, கூப்பன் சரியாகக் கழியவில்லை என்று பிறகு போய்க் காட்ட வெள்ளைத் தாள்தான் மிஞ்சும்.

குறை என்று பார்த்தால் எனக்கு எரிச்சலூட்டியது இரண்டு. ஒன்று, மாதக் கடைசி. ஐந்து நாள் இருக்கும்போது போனால் சோப்புத்தூளில் சின்ன பாக்கெட் இருக்காது, அச்சடித்த ஆஃபர் உள்ளது இருக்காது, அடுக்கு முழுக்க நான்கு கிலோ வாளி நிற்கும். கேட்டால் "லோடு நாளைக்கு வருதுக்கா". நாளைக்கும் அதே பதில். கூப்பனோ அந்த மாதத்தோடு செத்துவிடும், ஒரு நாள்கூடத் தள்ளித் தர மாட்டேன் என்கிறார் மேனேஜர், கறாராகத்தான் பேசுகிறார். ஆறு கூப்பனையும் ஆறு மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று வைத்தால் என்ன குறைந்துவிடும்? குறையும், தெரியும், அதனால்தான் வைக்கவில்லை.

இரண்டாவது குறை, போன் நம்பர் கேட்பது. புத்தகம் வாங்கும்போது நம்பர் கொடுத்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். பில் போட வாடிக்கையாளரிடம் மொபைல் நம்பர் கட்டாயமாகக் கேட்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே கடைகளுக்குச் சொல்லிவிட்டது. அதைச் சொன்னேன், சிரித்தார்கள். கொடுத்த நாளிலிருந்து காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று மெசேஜ், வெள்ளிக்கிழமையானால் வாட்ஸப்பில் வேறு. இதற்கென்றே பழைய சிம் ஒன்று வீட்டில் இருந்தால் அதைக் கொடுங்கள்.

பாலக்கோடு, காரிமங்கலம், பென்னாகரம் பக்கமிருந்து இந்தப் புத்தகத்துக்காக தர்மபுரி வருகிறவர்களும் இருக்கிறார்கள். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் இல்லை என்பதால் போக வரச் செலவு இல்லை என்று ஒரு அக்கா வரிசையில் சொல்லிக்கொண்டிருந்தார், நியாயமான கணக்குதான். ஆனால் பஸ் நிலையத்திலிருந்து கடைக்கு ஷேர் ஆட்டோ, திரும்ப இரண்டு கைப்பையோடு இன்னொரு ஆட்டோ. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். வேறு வேலையாக டவுனுக்கு வரும்போது சேர்த்து முடித்தால் சரி, இதற்கென்றே வர வேண்டாம். அப்படி வந்தாலும் காய்கறியை இங்கே எடுக்காதீர்கள், கூப்பனும் இல்லை, விலையும் கூடுதல். உழவர் சந்தையில் அன்றைய ரேட்டைப் போர்டில் எழுதி வைத்திருக்கிறார்கள், அதைவிட எந்தக் கூப்பன் வேண்டும்.

கூப்பன் என்றதும் சிலர் பரிசுக் குலுக்கல் கூப்பனையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். வேறு வேறு. தமிழ்நாட்டில் 1979இலேயே பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம் என்று ஒன்று வந்தது. பொருள் வாங்கினால் குலுக்கலில் கார், பைக் என்று ஆசை காட்டி விற்பதைத் தடுக்கத்தான். டிவி விளம்பரத்தின் அடியில் 'தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது' என்று ஓடுவதைப் பார்த்திருப்பீர்களே, அதற்கு இதுதான் காரணம். போனில் பணம் அனுப்பினால் ஸ்கிராட்ச் கார்டு வருகிற வழக்கம் கிளம்பியபோது கூகுள் பேயின் விதிமுறையிலும் தமிழ்நாட்டுக்குக் கிடையாது என்றுதான் போட்டிருந்தது. ஓசூரில் வாங்கிய பாக்கெட்டின் உள்ளே இருக்கும் நம்பரை அனுப்பினால் உங்கள் மாநிலத்துக்கு இல்லை என்று வரும், அதே பாக்கெட்டைக் கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளி தாண்டிப் போய் வாங்கியவருக்குச் செல்லும். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு எல்லை அவ்வளவு பக்கம் என்பதால் இந்த வயிற்றெரிச்சல் கொஞ்சம் அதிகம். எனக்கு அதில் வருத்தமில்லை. தவிர, தபாலில் ஸ்கிராட்ச் கார்டு வந்திருக்கிறது, கார் விழுந்திருக்கிறது, வரி மட்டும் கட்டுங்கள் என்று யாராவது சொன்னால் அது கூப்பன் இல்லை, திருட்டு. பணம் வருவதற்கு யாரும் பின் நம்பர் போட வேண்டியதில்லை. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடியுங்கள்.

யூடியூபில் அமெரிக்காக்காரர்கள் வண்டி நிறைய சாமான் எடுத்துக் கட்டுக் கட்டாகக் கூப்பன் நீட்டி ஒன்றுமே கொடுக்காத மாதிரி வெளியே வருகிறார்களே, அது இங்கே ஏன் நடக்காது என்று என் தங்கை கேட்டாள். அங்கே கூப்பனைப் பெரும்பாலும் அடிப்பது பொருள் தயாரிக்கிற கம்பெனி, ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரோடு வரும். கடைக்காரர் அதை வாங்கிக்கொண்டு கம்பெனிக்கு அனுப்பிக் காசை வாங்கிக்கொள்வார், கையாளுவதற்குத் தனியாகச் சில சென்ட் கூலியும் உண்டு. அதனால் கம்பெனிக் கூப்பன் ஒன்று, கடைக் கூப்பன் ஒன்று என்று ஒரே பொருளுக்கு இரண்டு போட முடிகிறது. இங்கே கம்பெனி கழிவை எம்ஆர்பிக்குப் பக்கத்திலேயே அச்சடித்து முடித்துவிடுகிறது, கிழிக்க ஒன்றுமில்லை. மேலே நான் சொன்ன அச்சடித்த ஆஃபரும் கடைக் கூப்பனும் சேர்ந்த வித்தைதான் நம் ஊரில் அதற்கு மிகப் பக்கத்தில் வருவது.

ஆன்லைன் கூப்பனோடு ஒப்பிட்டால்? பெங்களூரில் இருக்கும் தம்பி பத்து நிமிட டெலிவரி ஆப்பில் 'ஒரு ரூபாய்க்கு ஒரு கிலோ தக்காளி' கிடைத்தது என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். அந்த வாரம் பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி கேட்பாரில்லாமல் கிடந்தது, அது வேறு விஷயம். ஒரு ரூபாய்த் தக்காளிக்கு அவன் 499 ரூபாய்க்கு மேலே வாங்கியிருக்கிறான், கூடவே கையாளும் கட்டணம் என்று ஏதோ ஒன்று. சாப்பாட்டு ஆப்பிலும் அப்படித்தான், 60 சதவீதம் என்று பெரிதாக இருக்கும், 120 ரூபாய் வரை என்று சிறிதாக இருக்கும், பல ஹோட்டல்களில் ஆப்பில் இருக்கும் விலை கடைப் பலகையில் இருப்பதைவிடக் கூடுதல். பிரியாணிக் கடை நடந்து போகும் தூரத்தில் இருந்தால் கூப்பனை மறந்துவிட்டுப் பாத்திரத்தோடு போங்கள். வாங்காத பொருளைக் கூடையில் நைசாகச் சேர்ப்பது, 'இன்னும் ஐந்து நிமிடம்தான்' என்று பொய்யாக விரட்டுவது போன்ற 13 தந்திரங்களை மத்திய அரசு 2023 நவம்பரில் தடை செய்திருக்கிறது, மாட்டினால் நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லலாம்.

ஆன்லைனில் உருப்படியாகத் தேறுவது பெரிய பொருளுக்கு வங்கி கார்டில் கிடைக்கும் பத்து சதவீதம். அதற்கும் உச்சவரம்பு இருக்கும், அதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். வட்டியில்லாத் தவணை என்று சொன்னால் நம்பாதீர்கள், வட்டியைப் பொருள் விலையில் கழிவாகக் காட்டுவார்கள், அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி நம் தலையில் விழும், செயலாக்கக் கட்டணம் தனி. சில பொருளுக்கு விலைக்குக் கீழே 'கூப்பன்' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும், நாமாக டிக் அடித்தால்தான் கழியும், பலர் அதைக் கவனிக்காமலே பணம் கட்டிவிடுகிறார்கள். போன் மாற்றும்போது அந்தக் கட்டத்தைத் தேடிப் பாருங்கள்.

துணிக்கு எந்தக் கூப்பனும் எனக்குப் பிடித்ததில்லை. 'மூவாயிரத்துக்கு எடுத்தால் ஆயிரம் ரூபாய்க் கூப்பன்' என்று ஆடியில் ஒவ்வொரு கடையும் தரும், அந்தக் கூப்பன் அடுத்த தடவை மூவாயிரத்துக்கு எடுத்தால்தான் செல்லும். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போய் வருகிற வழியில் இப்படி வாங்கிய கூப்பன்கள் எத்தனையோ வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கின்றன. இதற்கு கோ-ஆப்டெக்ஸ் எவ்வளவோ மேல், 1935இலிருந்து இருக்கிற நெசவாளர் சங்கம், தீபாவளிக்கு 30 சதவீதம் என்றால் 30 சதவீதம், கிழிக்க வேண்டாம், மினிமம் பில் வேண்டாம். மாதச் சந்தா கட்டுகிற திட்டமும் இருக்கிறது, கடைசித் தவணையை அவர்களே போடுவார்கள், அந்தப் பணத்துக்கு எடுக்கிற துணிக்கும் தள்ளுபடி உண்டு. மளிகைக் கடைக்காரர்கள் அந்த மாதிரி ஒன்று யோசிக்கலாம்.

மற்றபடி கடையில் வேலை செய்கிறவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பார்கோடு படிக்காத கூப்பனை எண்ணை அடித்துச் சேர்த்துத் தருகிறார்கள், பாம்பு போல நீண்ட வரிசையிலும் கத்துவதில்லை. ஒரு தடவை 50 ரூபாய்க் கூப்பன் கழியாமலே பில் வந்துவிட்டது, வாசலில் நின்று பார்த்துச் சொன்னேன், மறு பேச்சில்லாமல் பணமாகவே எடுத்துக் கொடுத்தார்கள்.

அடுத்த புத்தகம் தீபாவளிக்கு முன்னால் வருகிறது, மாதிரிக்கு ஒன்றை கவுண்டர் கம்பியில் நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். விலை 149 ஆகிவிட்டது. பாத்திரக் கூப்பன் ஆறும் அப்படியே இருக்கிறது. எண்ணெய்க்குப் புதிதாக இரண்டு கூப்பன் சேர்த்திருக்கிறார்கள், ஐந்து லிட்டர் கேனுக்கு 60 ரூபாய். திருப்பிப் பார்த்தேன், கடையின் சொந்த பிராண்ட் எண்ணெய்க்கு மட்டுமாம். கணக்குப் போட்டால் இதே அளவுக்குப் பயன்படுத்தினாலும் ஐம்பது ரூபாய் குறைவாகத்தான் நிற்கும், ஆனாலும் சோப்புக் கூப்பன் ஆறும் மாறாமல் இருப்பதால் நான் வாங்குவேன். நாத்தனாரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அவர்கள் வீட்டில் இரண்டே பேர்.